துவரைக்குக் கவ்வாத்து

தொழிற்சாலையில் இரவு வேலையை விட்ட பிறகு எனக்கு இருந்தது நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு மட்டும்தான். அதுவும் தேயிலைத் தோட்ட நிர்வாகம் ஒரு வருஷத்துக்குக் கொடுத்தது. மழையில் மண் கரைந்து ஓடினால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த மண்ணில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. துவரையை வரிசையாகப் போட்டேன். அதன் வேர் மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும். நடுவே மிளகாயும் இஞ்சியும் வைத்தேன். எட்டு மாதத்தில் துவரை என் தலைக்கு மேலே போனது. நிழலில் மிளகாய் வெளிறி நின்றது. கிளையை ஒடித்துவிட வேண்டும் என்று தெரியும். சோம்பல், செய்யவில்லை.

வருஷம் முடிந்தது. திங்கட்கிழமை கண்டாக்கு பார்க்க வருவதாக இருந்தார். ஞாயிறு நானும் என் மனைவி வினோதாவும் சாமான் வாங்கக் கினிகத்தேனைக்குப் போய்த் திரும்பினால், துவரை முழுக்க முழங்கால் உயரத்தில் மேசை போல நிற்கிறது. நடுவில் வினோதாவின் அண்ணன் யோகேஸ்வரன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாகத் தேயிலைச் செடியை ஒரே மட்டமாக நறுக்கும் கவ்வாத்து வேலை செய்கிறவன்.

"ஐயா வர்றாருல்ல மச்சான். காடு மாதிரி கெடந்துச்சு. வெட்டிட்டேன்."

"இது தேயிலையா அண்ணே? துவரை! பூ வச்சிருந்துச்சு!" என்று வினோதா கத்தினாள்.

"கொழுந்து வரும் புள்ள."

"கொழுந்துல சாம்பார் வைப்பியா நீ?"

வேளைக்கு நான் ஒடித்துவிட்டிருந்தால் அவன் கத்தி எடுத்திருக்க மாட்டான். வெட்டிய கிளைகளைத் தேயிலை மலையில் செய்வதுபோல் சரிவுக்குக் குறுக்கே, செடிகளுக்கு நடுவே பரப்பியிருந்தான். கைப்பழக்கம்.

அன்று மாலை பேய்மழை. நிலம் போய்விட்டது என்றே நினைத்தேன். வினோதா திட்டுவதை நிறுத்தவில்லை. யோகேஸ்வரன் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் கண்டாக்கு வந்து, சரிவின் அடியில் மழைநீர் ஓடும் கானைக் குனிந்து பார்த்தார். பக்கத்து நிலத்துக் கானில் சேறு நிறைந்திருந்தது. எங்களுடையதில் தண்ணீர் தெளிவாக ஓடியது. தழையைக் குச்சியால் விலக்கினார். அடியில் மண் கறுத்து, நகராமல் கிடந்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் வச்சுக்கங்க. யாரு கவ்வாத்து வெட்டுனது?"

யோகேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான்.

"மேல் பக்கம் ரெண்டு அங்குலம் கூட நிக்குது. மட்டம் சரியில்ல."

அவர் போய் அரைமணி நேரமாகியும் அவன் ஆறவில்லை. "எனக்கா மட்டம் தெரியாது?" என்று கத்தியோடு மறுபடி இறங்கினான். நானும் வினோதாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.