எரியாத சீட்டு

வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் சேவல்கள் ஆறு மணிக்குத்தான் எழும். அவற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆன்மேரியின் கைப்பேசி எழுந்துவிடும். பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுக்கள் மொத்தம் பதினாறு. பொழுது விடிவதற்குள் அறுபது செய்தி வந்து விழும். அதில் ஐம்பத்தொன்பதின் சாரம் ஒன்றுதான்: "ஆன்மேரி மிஸ் பாத்துக்குவாங்க." அறுபதாவது, யாராவது அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்து. அதற்கும் அவள்தான் முதலில் கும்பிடு போட வேண்டும்.

அன்று சனிக்கிழமை, விடுமுறை. ஆனாலும் ஆன்மேரி அவசர அவசரமாக இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு.

"இன்னைக்குமா?" என்றான் கணவன் மைக்கேல்ராஜ்.

"முகாமுங்க. மன அழுத்தத்தக் குறைக்கிற முகாம். வராதவங்களுக்கு மெமோவாம்."

"அது சரி. என்னக் கட்டினதுக்குப் பதிலா நீ பேசாம அந்தப் பள்ளிக்கூடத்தக் கட்டியிருக்கலாம். கையில என்ன கட்டு?"

"சுளுக்கு."

"சாக்பீஸ் பிடிச்சுச் சுளுக்கின ஒரே மனுசி இந்த உலகத்துலயே நீதான்டி!"

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அது சாக்பீஸ் மட்டும் பிடித்து வந்த சுளுக்கில்லை. தல்லாகுளம் பக்கம் இருக்கும் அந்த மிஷன் பள்ளியில் ஆன்மேரி பதினேழு வருடமாகத் தமிழ் நடத்துகிறாள். அவளுடைய கையெழுத்து இருக்கிறதே, அதைப் பார்த்தால் அச்சகக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வேறு பிழைப்பு தேடுவார்கள். அம்புட்டு அழகு. அதுவே வினையாகிவிட்டது. அறிவிப்புப் பலகை, வரவேற்பு மடல், சான்றிதழ், பதிவேடு எல்லாம் அவள் தலையில்தான். பள்ளி வளாகத்தில் ஒரு எறும்பு செத்துப்போனாலும் இரங்கல் செய்தியை ஆன்மேரி மிஸ்தான் எழுத வேண்டும். அது போக அரசின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, கலைவிழா, விளையாட்டு விழா, பஸ் கண்காணிப்பு. கழிப்பறைக்குப் போக நேரமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வருடத்துக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வரும். தொண்டையோ கட்டினால் மாதக்கணக்கில் திறக்காது. "ரெண்டு மாசம் கைக்கும் தொண்டைக்கும் ஓய்வு குடும்மா" என்று டாக்டர் சொன்னபோது, ஏதோ நிலவுக்குப் போய் வரச் சொன்னதுபோல அவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. வரும் ஜூனில் வைஸ் பிரின்சிபால் இடம் காலியாகிறது. "அடுத்து யாருன்னு சுவத்தக் கேட்டாலும் உங்க பேரச் சொல்லும் மிஸ்" என்று பிரின்சிபால் ஜெரால்ட் மாதம் இரண்டு தடவை சொல்வார். சொல்லிவிட்டுக் கையோடு ஒரு வேலையையும் கொடுப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லா வேலைகளையும் எல்லோருக்கும் நியாயமாகப் பங்கு பிரித்துவிடலாம், அதுவரைக்கும் சமாளிப்போம் என்பது ஆன்மேரியின் கணக்கு. ஓய்வையே பதவிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவள் அவள்.

மன அழுத்தம் குறைக்கும் முகாமையும் அவள்தான் ஏற்பாடு செய்தாள். பேனர், சாப்பாட்டு ஆர்டர், நாற்காலி வரிசை, பேச்சாளருக்குப் பொன்னாடை. அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு ஏறிய அழுத்தத்தை ஒரு குழாயில் பிடித்திருந்தால் மதுரை முழுக்கப் பஞ்சரான டயர்களுக்கெல்லாம் காற்றடித்திருக்கலாம்.

சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் முப்பத்தெட்டு ஆசிரியர்களையும் வட்டமாக நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நீங்கள் ஒரு பொக்கிஷம்" என்று சொல்லச் சொன்னார். பி.டி. மாஸ்டர் கணக்கு டீச்சரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காது வரை சிவந்தார். பிறகு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள்.

"உங்க மனச அழுத்துற விஷயத்த எழுதுங்க. பேர் வேண்டாம். மடிச்சு இந்தப் பெட்டியில போடுங்க. கடைசியில மைதானத்துல எல்லாத்தையும் எரிச்சிருவோம். சாம்பலோட சாம்பலா உங்க சுமையும் போயிரும்."

சர்ச் தியானக் கூட்டங்களில் பாவங்களை எழுதி எரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனாலும் ஆன்மேரி பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். பக்கத்தில் விக்டோரியா. இருவரும் பி.எட். படித்த காலத்திலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி தைலம் தேய்த்துக்கொள்வாள், அப்படிப்பட்ட சிநேகம்.

"விக்கி, யாரும் படிக்க மாட்டாங்கள்ல?"

"லூசு! பேரே இல்லாத சீட்ட யாருடி படிப்பா? பெட்டியத் தூக்கிட்டுப் போறதே நாந்தான். என் கையால தீயில கொட்டிட்டுத்தான் மறுவேல. தைரியமா எழுது."

ஆன்மேரி எழுதினாள். பதினேழு வருடத்தில் முதன்முறையாகத் தனக்காக எழுதினாள். 'காலையில் பள்ளிக் கேட்டைக் கண்டாலே குமட்டுகிறது. ஏதாவது ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட மாட்டேனா என்று ஜெபிக்கிறேன். பிள்ளைகளைப் பிடிக்கும். பாடம் நடத்தப் பிடிக்கும். மற்ற எதற்கும் என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை.'

நான்காக மடித்துப் போட்டாள். ஊரே அடையாளம் காணும் கையெழுத்தை வைத்துக்கொண்டு பெயரில்லாச் சீட்டு எழுதுகிறோமே என்று அந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை. யானை ஒன்று முகமூடி போட்டுக்கொண்டு ஒளிந்துகொண்டதுபோல.

மைதானத்தில் மண்சட்டியில் நெருப்பு எரிந்தது. விக்டோரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். கொட்டினாள். எல்லோரும் பாடினார்கள். புகை கண்ணைக் கரித்ததில் முப்பத்தெட்டுப் பேரும் அழுதார்கள். சிலர் புகை இல்லாத பக்கம் நின்றும் அழுதார்கள். ஆன்மேரி அன்று மதியம் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை தூங்கி முதல் பூசையைத் தவறவிட்டாள். மைக்கேல்ராஜ் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபால் அழைத்தார்.

மேசைக்கு நடுவில், நான்கு மடிப்பும் நீவி விரித்து, அவளுடைய சீட்டு கிடந்தது. ஓரம்கூடக் கருகவில்லை.

ஆன்மேரிக்குக் காதுக்குள் பஸ் ஸ்டாண்டே இரைந்தது. ஆடை நழுவி நடுத்தெருவில் நிற்பதுபோல இருந்தது.

"உங்க எழுத்துதான மிஸ் இது?" ஜெரால்டின் குரலில் தேன் சொட்டியது. "படிச்சு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இம்புட்டு கஷ்டத்த மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்களே!"

"சார்... இது எரிச்சதுல்ல?"

"உங்க மேல அக்கற உள்ளவங்க எடுத்துக் குடுத்தாங்க. கரஸ்பாண்டன்ட் ஃபாதர்கிட்டயும் காட்டினேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு மேலும் சுமை ஏத்த வேணாம்னு சொல்லிட்டாரு. அதனால வைஸ் பிரின்சிபால் பொறுப்ப விக்டோரியா மிஸ்கிட்ட குடுக்கலாம்னு முடிவு. உங்க உடம்பு முக்கியமில்லையா?"

பதினேழு வருடம் அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே வேப்பம்பூப் போலக் கொட்டிக்கிடந்தது. ஆன்மேரி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் மிஸ்." அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கட்டைத் தூக்கி வைத்தார். "ஆண்டு விழா சர்ட்டிபிகேட். நானூறுதான் இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள எழுதிருங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தான் பிள்ளைகளுக்குத் திருப்தி."

நம்பினால் நம்புங்கள், ஆன்மேரி அந்தக் கட்டை வாங்கிக்கொண்டாள். பழக்க தோஷம் அப்படி. தலையை வெட்டி எடுத்த பிறகும் கை தானாக நீண்டு "குடுங்க சார்" என்கிற அளவுக்குப் பழகியிருந்தது. வராந்தாவில் பாதி தூரம் வந்த பிறகுதான் கட்டுப்போட்ட மணிக்கட்டு 'விண்'ணென்று தெறித்தது.

ஸ்டாஃப் ரூமில் விக்டோரியா புதுச்சேலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆன்மேரியைப் பார்த்ததும் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். அந்தப் பைக்குள் வைகை ஆறே தொலைந்துபோயிருந்தாலும் அவ்வளவு நேரம் தேடத் தேவையில்லை.

"விக்கி."

"உன் நல்லதுக்குத்தான்டி செஞ்சேன். நீ ரொம்பக் கஷ்டப்படுறேன்னு சாருக்குத் தெரியணும்ல?"

"அப்ப எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

விக்டோரியா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வச்சுத்தான பெட்டியத் தொறந்த? அதான் லேட்டா வந்த. எத்தன சீட்ட படிச்ச?"

"எல்லாத்தையும்" என்றாள் விக்டோரியா. "சும்மா ஒண்ணு ரெண்டு பாக்கலாம்னுதான் பிரிச்சேன். நிறுத்த முடியல மேரி. எல்லாரும் அதையேதான் எழுதியிருக்காங்க. தூக்கம் இல்ல, முடியல, விட்டா ஓடிருவேன்... எல்லாருமே. உன் எழுத்து மட்டுந்தான் யாருன்னு தெரிஞ்சுச்சு."

"நீ என்ன எழுதின?"

விக்டோரியா தலை நிமிரவில்லை. "நானும் அதத்தான்டி எழுதினேன். அத மட்டும் மொதல்ல தீயில போட்டுட்டேன்."

தைலம் தேய்த்த கை அது. இருபது வருடம் தன் டிபன் பாக்ஸில் வெஞ்சனம் எடுத்த கை. எதிரி அடித்திருந்தால் ஆன்மேரிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அடியை வாங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

இடைவேளை மணி அடித்தது. ஆசிரியர்கள் திமுதிமுவென்று டீக்கு வந்தார்கள். பின்னாலேயே ஜெரால்ட், கையில் ஒரு கிலோ மைசூர்பாகோடு. விக்டோரியாதான் அடுத்த வைஸ் பிரின்சிபால் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். சனிக்கிழமை பயிற்சி கொடுத்திருந்ததால் கைதட்டல் நன்றாகவே இருந்தது.

ஆன்மேரி சர்ட்டிபிகேட் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"சார், முடியலன்னு எழுதினவளுக்குப் பதவி வேணாம்னு சொன்னீங்க. சரி, ஒத்துக்கிறேன். முடியாதவளுக்கு இந்த நானூறு சர்ட்டிபிகேட் மட்டும் எதுக்கு சார்?"

ஜெரால்ட் வாயில் வைத்த மைசூர்பாகு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. "மிஸ்... எல்லார் முன்னாலயும்..."

"எல்லார் முன்னாலயும்தான் சார் சொல்லணும். ஏன்னா நான் மட்டும் எழுதல." அவள் மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை நம்ம முப்பத்தெட்டுப் பேரும் ஒரே விஷயத்தத்தான் எழுதியிருக்கோம். நமக்கு மட்டுந்தான் முடியல, மத்தவங்கெல்லாம் தெம்பா இருக்காங்கன்னு நெனச்சு ஒவ்வொருத்தரும் தனித்தனியா வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

கணக்கு டீச்சர் முதலில் தலையைக் குனிந்தாள். பி.டி. மாஸ்டர் கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டில் திரும்ப வைத்தார். அவர் ஒரு இனிப்பைத் திரும்ப வைத்ததை அந்தப் பள்ளி வரலாற்றில் யாரும் கண்டதில்லை. "எனக்கும் முடியலதான் சார்" என்றார் மெதுவாக. "போன ஞாயித்துக்கிழம எம்மக நான் வீட்டுல இருக்கறதப் பாத்துட்டு, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்குறா."

யாரும் சிரிக்கவில்லை.

ஆன்மேரி மேசை முன்னால் உட்கார்ந்து இடது கையால், கோணல்மாணலாக, இரண்டு மாதத்துக்கு மருத்துவ விடுப்பு எழுதினாள். அதை ஜெரால்டின் கையில் கொடுத்தாள். "டாக்டர் சீட்டு மத்தியானம் வாட்ஸப்புல வரும் சார். அதுக்கப்புறம் பதினாறு குரூப்லயும் நான் இருக்க மாட்டேன்."

வண்டி நிறுத்தும் இடம் வரை விக்டோரியா ஓடி வந்தாள். புதுச்சேலை தடுக்கியது. அழுதிருந்தாள்.

"மேரி, திரும்பி வருவேல்ல? எம் மேல கோவமா போயிராதடி."

ஆன்மேரி வண்டிச் சாவியைத் திருகினாள். கேட்டைப் பார்த்தாள். இன்றும் குமட்டத்தான் செய்தது. ஆனால் இன்று வெளியே போகிறாள்.

"பாடம் நடத்த வருவேன். இன்னும் இருபது வருஷம் நடத்தணும், அதுக்குத்தான் இப்பப் போறேன். கோவமான்னு கேக்குற. கோவப்படக்கூட இப்ப எனக்குத் தெம்பில்லடி. மொதல்ல தெம்பு வரட்டும், அப்பறம் வந்து கோவப்படுறேன்." வண்டியைக் கிளப்பியவள் மறுபடி நிறுத்தினாள். "இப்ப அந்த நாற்காலியில உக்காரப்போறவ நீ. அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வேலைக்கு உழைப்பக் குடு, நேரத்தக் குடு, மனசாரக் குடு. உடம்ப மட்டும் குடுக்காத. குடுத்தா வாங்கிருவாங்க விக்கி. வாங்கி வச்சுக்கிட்டு, 'பாவம், இவளுக்கு உடம்பு சரியில்ல'ன்னு சொல்லி நம்மளயே வெளிய அனுப்பிருவாங்க."