மூன்று வரித் தர்க்கம்

மோகனனைக் கம்பால் அடித்தவர்கள் நாலு பேர். அவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும். ஐந்தாவது ஆள் நான். என் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் கையில் எடுத்தது சாக்பீஸ் மட்டும்.

அமரவிளைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். பெயர் சுந்தரதாஸ், பி.ஏ. அந்த இரண்டு எழுத்தையும் நானே சேர்த்துச் சொல்வேன், பிறர் சொல்லக் காத்திருக்க மாட்டேன். கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்தவன். எங்கள் பக்கத்தில் அதைப் படித்தவன் வேறு யாரும் கிடையாது என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஐம்பத்து நாலாம் வருஷம் அது. மலையாள ராஜ்யத்தில் கிடந்த தமிழ் பேசும் தாலுக்காக்களைப் பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று தெற்கே ஊரெல்லாம் கொந்தளித்துக் கிடந்தது. கூட்டம், ஊர்வலம், தடியடி, அப்புறம் துப்பாக்கிச் சூடு. எங்கள் ஊரிலும் பன்னிரண்டு பேர் கூடினார்கள். வெற்றிலைக்காரர்கள், தறிக்காரர்கள், ஒரு தையல்காரர். மேடையில் பேசப் போனால் எதிராளி கேட்கிற கேள்விக்கு வாயடைத்துப் போகிறது, எங்களுக்கு வாதம் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்தினேன்.

எதையும் மூன்று வரியாக எழுது என்பேன். முதல் வரி உண்மையா பார். இரண்டாம் வரி உண்மையா பார். மூன்றாவது வரி அந்த இரண்டிலிருந்தும் தானாக வருகிறதா பார். வராவிட்டால் அது வாதம் அல்ல, கூச்சல்.

இதை முதலில் பிடித்துக்கொண்டவன் மோகனன். என் வயதுதான் அவனுக்கும். அரை ஏக்கரில் வெற்றிலைக் கொடி போட்டிருந்தான். ஒரு நாள் கரும்பலகையில் எழுதினேன்: ‘வீட்டில் ஆள் இருந்தால் விளக்கு எரியும். இந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. ஆகவே வீட்டில் ஆள் இல்லை.’ எல்லாரும் தலையாட்டினார்கள். மோகனன் மட்டும், “மண்ணெண்ணெய் தீந்திருக்கும் சாரே. என் வீட்டுல மூணு நாளா அப்படியாக்கும்” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை, ராஜ்ய எல்லைகளைத் திருத்த டில்லியிலிருந்து வரப்போகும் கமிஷனுக்கு ஒரு மனு எழுதி வாசித்தேன். ‘எங்கள் கிராமத்தில் எந்த வீட்டிலும் தமிழைத் தவிர வேறு பேச்சு இல்லை’ என்று அது ஆரம்பித்தது. வாசித்து முடித்ததும் கையெழுத்துப் போட வரிசையாக எழுந்தார்கள். மோகனன் எழவில்லை.

“முதல் வரி சரியில்ல சாரே” என்றான். “என் வீட்டுல ரெண்டும் உண்டு. கணக்கு தமிழ்ல, தாலாட்டு மலையாளத்துல. பெண்டாட்டி விலாசினி அதியன்னூர் மலையாளக்காரி இல்லியா. இங்க பாதி வீடு அப்படித்தான்.”

“அதை எழுதினால் நம் கட்சி பலவீனப்படும் மோகனா.”

“எப்படிப் பலவீனம்? ரெண்டும் பேசுகோம், ஆனா எங்க பிள்ளைக தமிழ்ல படிக்கணும், கோர்ட்டுல எங்க மனுவ தமிழ்ல எடுக்கணும்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. அதப் பொய்யின்னு யாரு சொல்ல முடியும்? நீங்க எழுதினது ஒரு வீட்டுக்குள்ள வந்து பார்த்தாலே பொளிஞ்சு விழுந்துரும்.”

அவன் சொன்னதுதான் நல்ல வாதம். அன்றே எனக்குத் தெரியும். ஆனால் பதினொரு பேர் முன்னால் ஒரு வெற்றிலைக்காரன் என்னைத் திருத்துவதா? “விருப்பம் இல்லாதவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். பதினொரு பேர் போட்டார்கள். சம்பளக்காரன் என்பதால் நான் போடவில்லை. பிறகு மோகனனையும் வைத்துக்கொண்டே, அடுத்த புதன்கிழமை பெரிய ரோட்டில் பஸ் மறிப்பது என்று முடிவு செய்தோம்.

திங்கட்கிழமை மனுவை டில்லிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். மேலே போகிற மனுவுக்கு ஒரு நகல் கீழே உள்ள தாலுக்கா ஆபீசுக்கும் வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. தாண்டிப் போனோம் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. மகாராஜா காலத்திலிருந்து வந்த பழக்கம். கிணறு வெட்ட மனுப் போட்டாலும் அப்படித்தான், ரோட்டு விளக்குக்கு மனுப் போட்டாலும் அப்படித்தான். அன்றும் கை தானாக ஒரு நகல் எடுத்து உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்தது. வீட்டுக்கு வந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டேன். நகலை அதோடு மறந்துவிட்டேன்.

புதன்கிழமை பஸ் மறிக்கப் போகும் முன்பே, விடியற்காலையில், பதினொரு பேரையும் வீட்டில் வைத்தே போலீஸ் பிடித்தது. தறிக்கார எலியாவைப் பல் துலக்கும்போது இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் நல்ல அடி என்று செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பள்ளிக்கூடத்தில் ஊர் கூடிவிட்டது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எலியாவின் அண்ணன் ராஜையா என்னைப் பார்த்துக் கேட்டான்: “காட்டிக் கொடுத்தது யாரு? சாரே, நீங்கதானே தர்க்கம் படிச்ச ஆளு. சொல்லுங்க.”

சாக்பீஸை எடுத்தேன்.

‘பதினொரு பேரும் யார் யார் என்று தெரிந்தவர்கள், அன்று இந்த அறையில் இருந்தவர்கள் மட்டும். அறையில் இருந்த பதின்மூன்று பேரில் பிடிபடாதவர்கள் இருவர், அவர்களில் ஒருவன் மனுவை எழுதியவன்.’ மூன்றாவது வரியை நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. எல்லாத் தலையும் கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பியது. அழுகை நின்று அறை அமைதியாகி, எல்லாரும் என்னையே நம்பி நின்ற அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மோகனன் எழுந்து நின்றான். பலகையை வெகுநேரம் பார்த்தான். “நான் இல்ல சாரே” என்றான்.

“‘நான் இல்லை’ என்பது வாதம் அல்ல மோகனா” என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அவன் கொடிகளை அடியோடு அறுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை, மிஞ்சிய இலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவனை வழியில் நாலு பேர் மறித்தார்கள். முன்னால் நின்றவன் ராஜையா. தலையில் ரெண்டு அடி, நெஞ்சில் எத்தனை என்று தெரியாது. விலாசினி ஒரு மாட்டுவண்டி பிடித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கூட யாரும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எலியாவை விட்டார்கள். வீங்கிய முகத்தோடு நேரே என்னைப் பார்க்கத்தான் வந்தான்.

“சாரே, உங்க எழுத்துக்கு அங்கயும் மரியாத உண்டு கேட்டீளா” என்றான். “இன்ஸ்பெக்டர் உங்க மனுவ மேசையில விரிச்சு வச்சுக்கிட்டாக்கும் பேர் கூப்பிட்டாரு. நாங்க போட்ட வரிசையிலயே. எனக்கு ஏழாவது அடி. எல்லாப் பேருக்கு நேராயும் சிவப்புப் பென்சில் போட்டிருக்குது.”

“டில்லிக்குப் போன மனு அங்கே எப்படி?” என்றேன்.

“அது எனக்குத் தெரியாது. ஓரத்துல ‘நகல்’னு உங்க கையெழுத்துல இருந்துது.”

எலியா ஒன்றும் யோசிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். என் முதல் வரி பொய். பதினொரு பேரையும் காட்டிக் கொடுத்தது யாருடைய வாயும் அல்ல. நான் ஒட்டிய உறை.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ராஜையாவின் கம்பு இனி யார் தலையைத் தேடும் என்று கணக்குப் போட்டேன். வேலை போகும் என்று பயந்தேன். மோகனன் தேறி வரட்டும், அப்புறம் ஆறுதலாகச் சொல்லலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெருக்கல் கணக்கு நடத்தினேன். வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கிடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் கிளம்பினேன்.

விலாசினி ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் சுருட்டி வைத்த பாயைப் பார்த்ததும் புரிந்தது. விடியும்போது முடிந்திருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்தாள்.

“சாரு வந்தது நல்லதாச்சு. ஒரு காரியம் கேக்கணும்னு இருந்தேன்” என்றாள். “கிடந்த நாலு நாளும் அவரு ஒரே கேள்வியாக்கும் கேட்டாரு. ‘சாரு எழுதினதுல தப்பு ஒண்ணும் தெரியல விலாசினி. தப்பு இல்லன்னா நான்தான் ஆரிட்டயோ வாய்தவறிப் பறஞ்சிருக்கணும். ஆரிட்டன்னு நீ நினைச்சுப் பாரு’ன்னு. நான் ஒவ்வொரு பேராச் சொன்னேன். இலை எடுக்க வாறவன், சாயாக்கடைக்காரன். எல்லாத்துக்கும் இல்லன்னு தலையாட்டினாரு. நேத்து எங்க அண்ணன் பேரச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கிடந்தாரு. ‘அதா இருக்கும். பதினொரு குடும்பத்த நான் கெடுத்துட்டேன்’னாரு. பின்ன பேசல.”

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “எனக்குள்ளது ஒரே அண்ணன் சாரே. அவன் தானா?”

நான் சொன்னேன். நகலைப் பற்றி, உறையைப் பற்றி, சிவப்புப் பென்சிலைப் பற்றி, எல்லாம். உன் புருஷன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்றேன். தரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாருக்கு இது எப்பம் தெரிஞ்சுது?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு. அவருக்கு நல்ல ஓர்மை இருந்துது, சொன்னா எல்லாம் தெரிஞ்சுது” என்றாள் விலாசினி. “உங்க வீட்டுலேருந்து இங்க நடந்து வர முக்கா மணிக்கூறு போதுமே சாரே?”

போதும் என்றேன்.