தங்கப்பாண்டிக்கு அயிரை ஆகாமல் போன கதை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. காளவாசலில் ஒரு தோல் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஓர் ஆள், "நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் தின்ன மீனு, இப்ப எப்படி டாக்டர் ஆகாமப் போகும்?" என்று சண்டைக்கு நிற்கிற மாதிரி கேட்டார்.

"சில பேருக்கு வளந்தப்புறமும் புதுசா வரும். ஏன்னு முழுசாச் சொல்லத் தெரியாது. இனிமே மீன் பக்கமே போகாதீங்க."

பிறகு அந்த ஆள், "இதச் சொன்னா யாருங்க நம்புவா?" என்றார்.

மீன் போனதைவிட அதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. யார் நம்ப வேண்டும்? இதற்கு மேல் எல்லாம் என் கற்பனை. அவருக்குத் தங்கப்பாண்டி என்று பெயர் வைத்தேன்.

2

"நாகமலையின் நிழல் சாய்ந்துகொண்டிருந்த பொழுதில்…"

(வேண்டாம். மலையை வர்ணித்துத் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

சமயநல்லூர்த் தங்கப்பாண்டியும் பீமாராவும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. தங்கப்பாண்டி வீட்டாருக்கு நிலம் இருந்தது. பீமாராவ் வீட்டார் அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். வேலைக்கு ஆள் கூப்பிடப் போகும் தங்கப்பாண்டியின் அப்பா, அங்கே யாராவது காப்பி நீட்டினால், "வயிறு சரியில்லப்பா" என்பார். அவர் தெருக்காரர்கள் எல்லாருக்குமே அந்த வீடுகளுக்கு முன்னால் வந்ததும் வயிறு சரியில்லாமல் போகும்.

தங்கப்பாண்டி பீமாராவ் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அயிரை மீன் குழம்பை வட்டிலோடு வழித்துத் தின்றான். விஷயம் தெரிந்து அப்பா அறைந்தார். மறுவாரமும் போனான். அப்பாவின் அந்தப் பேச்சை இருவரும் கேலியாக்கி வைத்துக்கொண்டார்கள். யார் யாருக்குப் பரிமாறினாலும், "என்ன மாப்ள, வயிறு சரியில்லையா?" இத்தனை வருடமாகியும் அந்தச் சிரிப்பு பழசாகவில்லை.

(இந்த இடத்தில் தங்கப்பாண்டி ரொம்பவும் நல்லவனாகிவிட்டான். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு வட்டில் சோறு தின்றதற்காக ஒருவன் எத்தனை காலம் தன்னையே மெச்சிக்கொண்டிருப்பான்? இருக்கட்டும், இப்போதைக்கு அவனோடு போவோம்.)

3

பீமாராவ் நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டினான். பால் காய்ச்சிய கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டியை மட்டும் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் மனைவி முத்துமீனா சொல்லிவைத்து உயிர் அயிரை வாங்கி, மண் கக்கட்டும் என்று காலையிலிருந்தே பாலில் விட்டிருந்தாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் அவனைக் கேட்டேன். நேரில் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தான்: 'மாப்ள, எனக்கு மீனு அலர்ஜியாம்.' அவன் காதுக்கே அது அப்பாவின் பேச்சுக்குப் பேன்ட் சட்டை மாட்டிவிட்ட மாதிரி கேட்டது.

இலை போட்டார்கள். முத்துமீனா குழம்பை ஊற்றினாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மீன் தின்று உதடு வீங்கித் தொண்டை அடைத்தது அந்த வாசனையில் திரும்ப வந்தது. பயத்தில் வாய் தானாகச் சொன்னது:

"வயிறு சரியில்ல மாப்ள."

பீமாராவ் சிரித்தான். "இன்னும் ஊத்து மீனா. மாப்ளைக்கு வயிறு சரியில்லையாம்ல."

தங்கப்பாண்டியின் கை இலைக்கு வரவில்லை. பீமாராவின் சிரிப்பு நின்றது.

"இல்ல மாப்ள, நெசமாவே. டாக்டரு சொன்னாரு. மீனு அலர்ஜியாம்."

"எப்பருந்து?"

"இப்பத்தான்."

"நான் வீடு கட்டுனப்பெறகா?"

முத்துமீனா இடையில் புகுந்து செம்பை நீட்டினாள். "தண்ணியாச்சும் குடிங்கண்ணே." குழம்பு ஊற்றிய அதே கை. செம்பின் விளிம்பில் குழம்பு ஒட்டியிருந்தது.

அவன் வாங்கவில்லை.

4

முடிவு, முதல் முயற்சி: தங்கப்பாண்டி ஒரு வாய் அள்ளிப் போடுகிறான். முகம் வீங்குகிறது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு… (கிழித்துவிட்டேன். விருந்து வைத்தவனுக்கு இப்படியா ஒரு பழி?)

இரண்டாவது: டாக்டருக்கு போன் போட்டு, "நீங்களே சொல்லுங்க சார்" என்று நீட்டுகிறான். "நான் என்ன கோர்ட்டா வச்சிருக்கேன்?" என்கிறான் பீமாராவ். அதற்கு மேல் ஓடவில்லை.

மூன்றாவது: பீமாராவ் உடனே நம்பிவிடுகிறான். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பிறந்ததிலிருந்து கேட்ட பொய்யை, அதே வார்த்தையில், நம்பியிருந்த ஒரே ஆளின் வாயால் கேட்டிருக்கிறான். அவனை எப்படிக் குறை சொல்வேன்?

5

தண்ணீரையாவது குடித்திருக்கலாம். முதல் பிரதியில் குடிக்கத்தான் வைத்தேன். பிறகு அடித்தேன். அந்தத் தொண்டைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பேச்சு: "கையக் கழுவிட்டு வேற செம்புல குடும்மா." அந்த வீட்டில், அந்த அப்பாவின் வீட்டிலிருந்து வந்த ஒருவன், அந்தப் பெண்ணைப் பார்த்து அதை எப்படிச் சொல்வான்? சொன்னாலும் தீர்ந்தது, சொல்லாவிட்டாலும் தீர்ந்தது. எனக்கு அவனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவளை நினைத்தால் இன்னும் அதிகமாக.

6

தங்கப்பாண்டி எழுந்தான். பீமாராவ் கேட் வரைக்கும் கூடவே வந்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"வாரேன் மாப்ள."

"சரிங்கண்ணே," என்றான் பீமாராவ்.

அவன் தங்கப்பாண்டியை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். தங்கப்பாண்டி வண்டியில் உட்கார்ந்துவிட்டான், ஹெல்மெட் இன்னும் கையில் இருக்கிறது. திரும்பிப் போய் அவன் ஏதாவது சொல்ல வேண்டும். எது சொன்னாலும் அவன் அப்பா சொன்ன மாதிரியே வருகிறது, ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவனிடம் சொல்லுங்கள். உள்ளே முத்துமீனா கை படாத அந்த இலைக்கு முன்னால் நிற்கிறாள், இன்னும் எடுக்கவில்லை.