வெயிலுக்கு ஒரு வேஷம்

தீத்தாரப்பன் ஒளிப்பதிவு செய்த பதினேழு படங்களுக்கும் வெயில் கால்ஷீட்படிதான் வந்துபோனது. காலை ஆறரைக்கு வந்து ஓரமாக நின்று, "அண்ணாச்சி, எங்க விழணும்?" என்று கேட்கும். "கதாநாயகி கன்னத்துல, லேசா" என்பார். லேசாக விழும். இருவருக்கும் ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

பதினெட்டாவது படத்தை அவரையே இயக்கச் சொன்னார் தயாரிப்பாளர். மகளைக் கட்டிக்கொடுக்கும் ஒரு தகப்பனின் கதை. செய்தி பரவிய அன்றே வெயில் வந்து அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தது. பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை.

"என்ன விஷயம்?"

"இருபது வருஷமா அடுத்தவங்க மூஞ்சியிலயே விழுந்துட்டேன் அண்ணாச்சி. இதுல எனக்கு ஒரு வேஷம் குடுங்க. அந்த அப்பா வேஷம்."

அந்த வேஷத்துக்குத் தீத்தாரப்பன் ஏற்கெனவே ஒரு பெரிய நடிகரிடம் பேசிவைத்திருந்தார். ஆனால் பழகிய முகம். மறுக்க வாய் வரவில்லை. நடிகரிடம் சொன்னபோது, "வெயிலா? நல்லாப் பண்ணுவாரு" என்று அவர் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார்.

வெயில் நடிக்கப் போய்விட்டதால் வெளிச்சத்துக்கு ஆள் இல்லை. இணை இயக்குநர் மைமூன் அலைந்து திரிந்து கோவில்பட்டி வெயிலை இரண்டு நாளைக்குக் கேட்டு அழைத்து வந்தாள். அது கொஞ்சம் முரடு. விழு என்றால் அறையும்.

கல்யாணக் காட்சி கல்லிடைக்குறிச்சியில். வெயில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து நின்றது. வசனமெல்லாம் மனப்பாடம். மகளை வழியனுப்பும் இடத்தில் மட்டும் அழுகை வரவில்லை. ஒன்பது டேக் போயிற்று.

"நான் பட்டா எல்லாம் காஞ்சுபோகும் அண்ணாச்சி. கண்ணீருக்கு எங்க போவேன்?"

"கிளிசரின் போட்டுப் பார்ப்போமா சார்?" என்றாள் மைமூன். போட்டார்கள். ஆவியாகிவிட்டது.

தீத்தாரப்பன் அதுவரை முகங்களுக்கு வெளிச்சம் வைத்திருக்கிறாரே தவிர, எந்த முகத்திடமும் பேசியதில்லை. நாற்காலியை இழுத்து வெயிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது.

"தினம் சாயங்காலம் இந்த ஊரை விட்டுட்டுப் போறியே. போன பிறகு இவங்க என்ன பண்றாங்கன்னு என்னைக்காவது பார்த்திருக்கியா?"

வெயில் யோசித்தது. "இல்லையே."

"வீட்டுக்கு வீடு விளக்கு போடுவாங்க. பிள்ளைங்க சத்தம் போட்டுக்கிட்டே சாப்பிடும். எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பாங்க. நீ இல்லாமலே."

வெயிலின் உதடு கோணியது.

அடுத்த டேக்கில் அது மகளாக நடித்த பெண்ணின் தலையில் கையை வைத்து, "போயிட்டு வா தாயி" என்றது. அவ்வளவுதான், உடைந்துவிட்டது. வெளியே கோவில்பட்டி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

மைமூன் மூக்கை உறிஞ்சினாள். யாராவது 'கட்' சொல்வார்கள் என்று தீத்தாரப்பன் காத்திருந்தார். சொல்ல வேண்டியது தான்தான் என்று நினைவு வந்ததும் சொன்னார். அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அப்போது மண்டப வாசலில் மாலையும் கழுத்துமாக ஒரு நரியும் ஒரு காக்காயும் வந்து நின்றன. பின்னால் சொந்தக்காரர்கள் சீர்வரிசைத் தட்டுகளோடு நனைந்துகொண்டிருந்தார்கள்.

"முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷந்தான் இருக்கு" என்றது நரியின் தாய்மாமன். "மேடையைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுக்கீகளா?"

ஒழித்துக் கொடுத்தார்கள். காக்காய் வீட்டார் சைவம் என்பதால் அவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி போட வேண்டியிருந்தது.