யோனின் மூன்றாவது சரணம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதனால் மகனுடைய கதையை நான் சொல்லக் கூடாது என்பார் என் மனிதர் றொஜர். நான் சொல்லாமல் வேறு எவள் வந்து சொல்வாள்? பெற்றவள் நான்.

மகன் யோன் ராப் பாடுகிறவன். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் எங்கள் கட்டட வாசலில், மேல்வீட்டு மாக்சிமோடு நின்று கத்தத் தொடங்கினபோது மீசைகூட முளைக்கவில்லை. "கத்தாதையடா, சனம் பொலிசுக்குப் போன் அடிக்கப்போகுது" என்று யன்னலால் நான் அதைவிடப் பெரிதாகக் கத்துவேன். இரண்டு பேருக்கும் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து ராப் என்றால் உயிர். ஹூஸ்டன், அட்லாண்டா, மெம்பிஸ் என்று செபமாலை மாதிரி உருட்டுவார்கள். ஆறுதலான தாளம், நெஞ்சுக்குள் இடிக்கிற பேஸ். நியூயோர்க்காரர் முதலில் அந்தத் தெற்குப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். தெற்கில் இருந்தவர்கள் பேச்சை மாற்றவில்லையாம். இதைச் சொல்லும்போது யோனின் கண் பளபளக்கும்.

முதலில் பிரெஞ்சில்தான் பாடினான். என்னோடும் பிரெஞ்சில்தான் பேசுவான். பிறகு ஒருநாள் குசினிக்குள் வந்து, "அம்மா, நீங்கள் ஏசுற மாதிரி ஏசிக் காட்டுங்கோ" என்றான். ஏசுவதற்கா எனக்குச் சொல்லித் தர வேண்டும்? அன்றிலிருந்து அவன் பாட்டெல்லாம் நான் பேசுகிற தமிழ். பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வீடியோ எடுத்தான். கலியாண வீடுகளில் கூப்பிட்டார்கள். பிறகு லண்டன், ரொறன்ரோ. அதற்குப் பிறகு வந்ததுதான் "எவடம்" என்ற பாட்டு.

எங்கள் சனத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். புது முகத்தைக் கண்டால் ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் விட வேண்டியதுதானே? இல்லை. ஊரில் எவடம்? எந்தப் பக்கம்? எந்தச் சேர்ச்? ஆருடைய வளவுக்குக் கிட்ட? சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது. அவ்வளவு நாகரிகம்! தோண்டித் தோண்டி எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரிச் சிரிப்பார்கள்.

யோன் அனுஜா என்றொரு பிள்ளையை விரும்பினான். அவளுடைய தகப்பன் லாச்சப்பலில் ஒரு கோப்பிக் கடையில் இவனை இருத்திவைத்து, "தம்பி, ஊரிலை எவடம்?" என்று கேட்டிருக்கிறார். றொஜர் சொல்லிக்கொடுத்தபடி, "சேர்ச்சடி" என்றிருக்கிறான். "பெரிய சேர்ச்சோ, சின்னச் சேர்ச்சோ?" இவனுக்கு என்ன தெரியும்? பிறந்தது பிரான்சில். முழித்திருக்கிறான். அந்த மனிதர் சிரித்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை போனை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் பெரிய சேர்ச்சடி இல்லை. ஒழுங்கைக்கு, அந்தச் சந்துக்கு, அங்கால் ஒதுக்கி வைத்திருந்த சனம். வந்த புதிதில் லாச்சப்பலில் வேலை தேடினபோது, பெரிய சேர்ச்சடி என்று றொஜர் ஒரு பொய் சொன்னார். பிறகு அதையே சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தார். எத்தனை தரம் அவரோடு சண்டை பிடித்திருப்பேன்! "உனக்கு விளங்காது, மலர்" என்பார். எனக்கா விளங்காது?

"எவடம்" பாட்டில் முதல் இரண்டு சரணமும் கேள்வி கேட்கிறவர்களுக்கு நக்கல். கேள்வி கேட்கிறவர்களே அதற்குக் கைதட்டினார்கள், வெட்கம் கெட்டவர்கள். மூன்றாவதை யோன் வெளியே விடவில்லை. சென் தெனியில் நடக்கிற தமிழ்ச் சங்கத்து விழா மேடையில்தான் பாடுவேன், அதுதான் என் பதில் என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டான். ரிக்கெற் எல்லாம் விற்று முடிந்துவிட்டது. விழாவுக்கு முதல்நாள் ஒத்திகையில் அதைப் பாடியிருக்கிறான்:

"ஒழுங்கைக்கு அங்காலை, உங்கடை வேலிக்குப் பின்னாலை,
கிணத்திலை கைவைக்க விடாத அவடத்தாலை
வந்தவன் நான், என்ரை அப்பன், அவன்ரை அப்பனும் அவடம்.
கேட்டியே, சொல்லிப்போட்டன், இனி உனக்கு எவடம்?"

அது காதுக்குப் போய், விழா அன்று மத்தியானம் என்னையும் யோனையும் கூப்பிட்டு அனுப்பினார் இராஜேந்திரன். சங்கத் தலைவர் அவர்தான். லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள பலசரக்குக் கடையும் அவருடையதுதான். என் மனிதர் வேலை செய்வதும் அந்தக் கடையில்தான். பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றோம். றொஜர் வேலைச் சட்டையோடு ஒரு மூலையில் நின்றார்.

"தம்பி, நல்ல பாட்டு. என்ரை பேரப்பிள்ளையளும் பாடுதுகள்" என்றார் இராஜேந்திரன். "ரெண்டு சரணம் காணும். மற்றது வேண்டாம். குடும்பங்கள் வாற இடம்."

"முதல் ரெண்டுக்கும் குடும்பங்கள் வராதோ?" என்றேன் நான்.

"ஞானமலர், நீர் கொஞ்சம் சும்மா இரும்."

"நான் ஏன் சும்மா இருக்கோணும்? உம்மடை கடையிலை வேலை செய்யிறது அவர். நான் இல்லை."

"மலர்!" என்று அதட்டினார் றொஜர். பிறகு மகனிடம் திரும்பினார். "மோனை, அப்பாவுக்காக விடு. நாளைக்கு நான் இந்த ரோட்டாலை எப்பிடி நடக்கிறது? சிநேகிதப் பெடியள் என்ன நினைப்பாங்கள்? இவ்வளவு காலமும் மரியாதையா இருந்திட்டன். இனி என்னைத் தலைகுனிய வைக்காதை."

"பப்பா, நீங்கள் ஒரு களவும் செய்யேல்லை" என்றான் யோன்.

"கையெடுத்துக் கும்பிடுறன், அப்பு."

உண்மையாகவே கையை எடுத்துவிட்டார், பெற்ற மகனுக்கு முன்னால். யோனின் முகம் கறுத்தது. "சரி. பாடேல்லை" என்றான். எனக்கு அங்கிருந்த பருப்பு மூட்டை ஒன்றைத் தூக்கி இராஜேந்திரனின் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

இராஜேந்திரனுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில் வாயை விட்டார், மடையன். றொஜரின் தோளில் தட்டி, "அதுதானே! இதையெல்லாம் ஏன் மேடையிலை? றொஜர் எவடம் எண்டு லாச்சப்பலிலை ஆருக்குத் தெரியாது? வந்த கிழமையே எங்களுக்குத் தெரியும். ஆரும் முகத்துக்கு நேரை ஒரு சொல்லுக் கேட்டிருக்கிறமே? கூடத்தானே வைச்சிருக்கிறம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. நேற்று வந்த பெடியன்கள் கல்லாவில் இருக்க, இவர் மட்டும் ஏன் இன்றுவரை மூட்டை தூக்குகிறார்? இராஜேந்திரன் வீட்டு விசேடத்துக்குப் போனபோது எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ் வர, எங்களுக்கு மட்டும் ஏன் கடதாசிக் கப் வந்தது? கிளாஸ் காணாது என்றார்களே, பாவிகள்! நானும் நம்பிக் குடித்தேனே!

"தெரியுமோ?" என்று கேட்டார் றொஜர். "நான் பெரிய சேர்ச்சடி எண்டு சொல்லேக்கையெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓமடாப்பா. நாங்கள் தலையாட்டினம். உனக்கு அது ஒரு சந்தோசம், இருந்திட்டுப் போகட்டும் எண்டு."

றொஜர் வேலைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். கழற்றின சட்டையை அரிசி மூட்டையின்மேல் போட்டார். தன்னைவிட வயது குறைந்த மனிதனை இத்தனை காலமும் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் பெயரைச் சொன்னார்.

"இராஜேந்திரன், முன் வரிசையிலை ரெண்டு கதிரை வை. எனக்கும் மனுசிக்கும்."

"என்ன றொஜர், விசர்க் கதை கதைக்கிறாய்?"

றொஜர் அவரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"அந்த மூண்டாவதை முதல்லை பாடு, மோனை. உரத்துப் பாடு. தலையாட்டினவங்கள் எல்லாருக்கும் கேக்கோணும்."