குட்டி மேடேறும் வரை

1996 தை மாதம், மாஞ்சோலைக்கு ஏறிய பேருந்தை யானைகள் மறித்துவிட்டன. எஸ்டேட் பள்ளிக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "ஹாரன் அடிங்க அண்ணாச்சி," என்றேன்.

"அடிச்சா வழி கிடைக்காது டீச்சர், மிதிதான் கிடைக்கும். பைய போகட்டும்," என்று ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார்.

சாலையோர மேட்டில் ஏற முடியாமல் ஒரு குட்டி சறுக்கிக்கொண்டே இருந்தது. தாய் மேலே நின்று தும்பிக்கையை நீட்ட, கீழே இரண்டு யானைகள் அதன் பின்புறத்துக்குத் தலையால் முட்டுக் கொடுத்தன. மற்றவை எங்களைப் பார்த்துச் சுவராக நின்றன. இதில் எது அத்தை, எது சித்தியோ!

அந்த நேரம் பார்த்து, தேயிலை பறிக்கும் பெண் ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டது. யானைகளின் காதுகள் விரிந்தன. அவள் மார்போடு அணைத்தும் அழுகை நிற்கவில்லை. பின்னிருக்கைப் பெண் குழந்தையை வாங்கித் தோளில் தட்டினாள். அடங்கவில்லை. அடுத்தவள் வாங்கி முந்தானையால் விசிறினாள். இன்னொருத்தி வளையலை ஆட்டினாள். யார் பிள்ளையென்று ஒருவரும் கேட்கவில்லை. அழுகை மட்டும் இருக்கை இருக்கையாகத் தேய்ந்து வந்தது.

ஒருவழியாகக் குட்டி மேடேறியது. கூட்டம் காட்டுக்குள் மறைந்ததும் பேருந்து கிளம்பியது.

"எம் பிள்ள யாருகிட்ட இருக்கு?" என்று தாய் எழுந்து தேடினாள்.

"பையப் பேசும்மா, இப்பதான் கண்ணசந்திருக்கு," என்று மடியை அசைக்காமல் அதட்டினேன்.