உப்புமா விரதம்

1997 ஜனவரியில் எனக்குக் காமாலை வந்தது. மாட வீதியில் தெரிந்தவர் ஒருவரையும் நான் விடவில்லை. நிறுத்திவைத்துக் கண்ணை இழுத்துக் காட்டி, பித்தம் எங்கே ஊறி எந்த வழியாக இறங்குகிறது என்று விளக்கினேன். இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு விளக்காமல் இருக்க வராது. ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணாவுக்கும் இப்படித்தான் மஞ்சளில் ஆரம்பித்தது. கணையத்தில் கட்டி என்றார்கள், நாலே மாதத்தில் போய்விட்டார்.

தேனாம்பேட்டை நர்ஸிங் ஹோமில் டாக்டர் கணேசமூர்த்தி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பித்தக் குழாய் அடைச்சிருக்கு சார். கல்லா, கட்டியான்னு இதுல தெரியல. வாய் வழியா குழாய் விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுக்கணும். கல்லுன்னா அப்பவே இழுத்துடலாம், வயித்தைக் கிழிக்க வேண்டாம்."

"கட்டின்னா?"

"அடையாறுக்கு எழுதித் தரேன்."

அடையாறு என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. வெறும் வயித்தோட வரணும். அதாவது..."

"விரதத்தைப் பத்தி எனக்குச் சொல்லணுமா டாக்டர்? முப்பது வருஷமா ஏகாதசி தவறாம இருந்துண்டு வரேன்!"

அவர் வாயை அடைத்துவிட்ட பெருமையோடு வீடு திரும்பினேன்.

ஏகாதசியன்று எங்கள் ஆத்தில் எப்படியோ, மறுநாள் காலையும் அப்படியே. அரிசி பக்கம் போகவில்லை. ரவை உப்புமா, தேங்காய்ச் சட்னி. வழக்கமாக ஒரு தட்டு, அன்று மூன்று. "போறும்னா" என்றாள் என் மனைவி அபயாம்பாள். இன்னும் எத்தனை நாளைக்கு இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக உப்புமா இறங்காமல் இல்லை. மேலே இரண்டு டம்ளர் காபி.

பத்து மணிக்கு மேஜைமேல் படுக்கவைத்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடிக்க நர்ஸ் நஸ்ருன்னிசா வந்தாள். ரம்ஜான் மாதம், அவள் உதடு காய்ந்திருந்தது.

"எதுனா சாப்ட்டீங்களா சார்?"

"விரதம்மா."

அவள் முகம் மலர்ந்தது. "நானும் நோம்பு சார். விடிகாலையிலேர்ந்து பச்சத் தண்ணி இல்ல. வாயத் தொறங்க."

திறந்தேன். பெருங்காய ஏப்பம் ஒன்று நேராக அவள் முகத்துக்குப் போனது.

"இன்னா சார் இது?"

"உப்புமா. விரதப் பலகாரம். அரிசியே கலக்கலை."

"உப்புமா சாப்ட்டுட்டு விரதமா? மயக்கத்துல வாந்தி எடுத்து நெஞ்சுக்குள்ள போயிருந்தா உசுரே போயிருக்கும் சார்!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் நாலரை என்று தள்ளிவைத்தார். கல்லா, கட்டியா என்ற கேள்வியோடு இன்னொரு ராத்திரியும் பகலும் கிடந்தேன். மூன்று தட்டு உப்புமாவின் பலன் அது. மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை, மத்தியானம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதே பட்டினியோடு வார்டெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவளிடமா விரதம் என்று பீற்றிக்கொண்டேன்? வெட்கமாக இருந்தது.

மயக்கம் தெளிந்தபோது நஸ்ருன்னிசா ஒரு சின்னக் குப்பியை என் கண்முன் ஆட்டினாள். உள்ளே கடலைப்பருப்பு அளவில் இரண்டு கறுப்புக் கற்கள்.

"கல்லுதான் சார். அடையாறு இல்ல."

குழந்தை மாதிரி அழுதேன். வெளியே எங்கோ மசூதியில் நோன்பு திறக்கும் ஆறு மணிப் பாங்கு ஒலித்தது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"எனக்கும் ஒரு வாய்."

"தொண்டை மரத்துக்கீது. எட்டு மணி வரைக்கும் கூடாது."

"அப்போ உன்னைவிட எனக்கு ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி விரதம்" என்றேன். அழுகைக்கு நடுவிலும் பீற்றல் போகவில்லை.

அவள் சிரித்துவிட்டு, இன்னொரு பழத்தைக் காகிதத்தில் வைத்துக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டு மணி வரை அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். முப்பது வருஷத்தில் நான் இருந்த முதல் விரதம் அது.